யசோதா மிஸ்ஸும் தட்டக்கூடாத பந்தும்

திருமலர் மகளிர் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலில் பந்தைத் தரையில் தட்டினால் அது கைக்குத் திரும்பி வராது. மேற்கே போகும். கண்டியில் ஹந்தானை அடிவாரத்தில் மலையை வெட்டி அந்தத் திடலைப் போட்ட கொந்தராத்துக்காரர் மட்டம் பார்க்கும் குழலை வீட்டில் மறந்துவிட்டு வந்தாரோ, பார்த்தும் போதும் என்று விட்டாரோ, தெரியாது. கிழக்கு ஓரத்துக்கும் மேற்கு ஓரத்துக்கும் ஒன்றரை அடி வித்தியாசம். தட்டிய பந்து சாய்ந்து எழும்பும், உருளும், மதில் முடிகிற இடத்தில் படிக்கட்டைக் கண்டுபிடித்து இறங்க ஆரம்பிக்கும். அறுபத்து மூன்று படிகள். அதன் பிறகு தெருவைக் கடந்து மக்கீன் நானாவின் பேக்கரி வாசலில் போய் நிற்கும்.

"ஒங்கட பந்து வந்தீக்கி! பணிஸ் கேக்குது!" என்று கீழேயிருந்து மக்கீன் நானா கத்துவார். பணிஸ் என்பது அவர் கடை பன். பத்து வருஷமாக ஒரே பகிடி. அவருக்கு அலுக்கவே இல்லை.

இப்படிப்பட்ட திடலை வைத்துக்கொண்டு மாகாணக் கிண்ணம் எடுக்கலாம் என்று புத்தியுள்ள எவரும் நினைக்கமாட்டார்கள். யசோதா நினைத்தார். அவர் கூடைப்பந்து ஆடியவர் இல்லை. விளையாட்டு ஆசிரியையும் இல்லை. பாடசாலை ஒபிஸில் தட்டச்சு அடிக்கிறவர். கண்டி நகரத்தில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்த செல்லப்பாவின் மூத்த மகள். படிக்கிற காலத்தில் வலைப்பந்து ஆடியிருந்தார், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு. கூடைப்பந்துப் போட்டிக்கான விண்ணப்பப் படிவம் வந்தது. அதிபர் கமலம் மேடம் அதைப் பார்த்துவிட்டு, "பயிற்றுநர் இல்லை, ஆகையால் பங்குபற்றவில்லைன்னு அடிச்சு அனுப்பு" என்றார். யசோதா தட்டச்சுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒபிஸ் ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்று கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக இடைவேளைக்கு இடைவேளை வந்து, "ஃபோர்ம் வந்துட்டா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பன்னிரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று அடிக்க யசோதாவுக்குக் கை வரவில்லை. பயிற்றுநர் பெயர் என்ற கோட்டின் மேல் 'செல்வி செ. யசோதா' என்று அடித்தார். வெள்ளிக்கிழமை பாடசாலை விடுகிற நேரத்தில் கமலம் மேடம் எதையும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கமாட்டார் என்பது ஒபிஸில் இருப்பவருக்குத் தெரியாதா?

உண்மை அடுத்த வாரம் வெளியே வந்தது.

"யசோதா, ஒனக்குக் கூடைப்பந்து தெரியுமா?"

"வலைப்பந்து தெரியும் மேடம். ரெண்டுலயும் பந்த மேல இருக்கிற வளையத்துலதானே போடணும்?"

மேடம் சிரித்துவிட்டார். சிரித்தபின் ஒருவரைத் திட்டுவது கஷ்டம். அப்படித்தான் யசோதா பயிற்றுநர் ஆனார்.

முதல் மாதம் பந்து ஒரு பின்னேரத்துக்கு நாற்பது தரம் பேக்கரிக்குப் போனது. பயிற்சியில் பாதி நேரம் படியேறுவதிலேயே கழிந்தது. யசோதாவுக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் அல்ல, பந்து மேல். ஒரு சட்டம் போட்டார்: பந்தைத் தரையில் தட்டுகிறவள் எவளோ, அவளே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். அறுபத்து மூன்று இறக்கம், அறுபத்து மூன்று ஏற்றம், மேலே நிற்பவர்கள் ஒவ்வொரு படியையும் உரக்க எண்ணுவார்கள். இரண்டே கிழமையில் தட்டுகிற ஆளே இல்லாமல் போனது.

தட்டாமல் எப்படி ஆடுவது? யசோதாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. வலைப்பந்தில் யார் தட்டுகிறார்கள்? பந்தைப் பிடி, நில், மூன்று எண்ணுவதற்குள் அடுத்தவளுக்குக் கொடு. அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லிக் கொடுத்தார். பந்து தரையைத் தொடாமல் ஐந்து பேர் கைகளுக்குள் சுற்றிச் சுற்றி வளையம் வரை போகும். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வலைப்பந்து அதன் பிழைகளையும் சேர்த்துக் கொண்டுவந்தது. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. முதல் போட்டியில் எதிரணிப் பிள்ளைகள் பந்தோடு வந்தபோது, நம் ஐந்து பேரும் மிகவும் மரியாதையாக மூன்றடி பின்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பார்வையாளர் கலரியில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஐம்பத்து நான்குக்கு ஆறு. அந்த ஆறும் எப்படி வந்தது என்று யசோதாவுக்கே விளங்கவில்லை.

திரும்பும்போது எல்லோரும் வத்தேகம பஸ்ஸில் ஏறினார்கள். ஐந்தரை மணி பஸ். அதில் ஏறியவர்களுக்குத்தான் தெரியும், அதில் ஒருவர் தும்மினால் எட்டுப் பேர் ஆடுவார்கள். வத்தேகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் அழகம்மா, அணியிலேயே உயரமானவள், யசோதாவின் மூக்குக்கும் ஒரு மாமியின் மரக்கறிப் பைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தாள்.

யசோதா திடீரென்று சத்தம் போட்டார். "அழகம்மா! இப்ப எப்பிடி நிக்கிற?"

"மூச்சு விட முடியாம நிக்கிறேன் மிஸ்."

"யாரையாவது தள்றியா?"

"இல்ல மிஸ். கைய அசைக்கவே வழியில்லையே."

"இதேதான்டி! நாளையிலேருந்து இப்பிடித்தான் நிக்கணும்."

மறுநாளே அதற்கு 'வத்தேகம' என்று பெயர் விழுந்தது. யசோதா ஓரத்தில் நின்று "வத்தேகம!" என்று கத்தினால் ஐந்து பேரும் எதிரணியோடு பஸ்ஸில் நிற்பதுபோல ஒட்டி நிற்பார்கள். தள்ளுவதில்லை, முட்டுவதில்லை, மூச்சு விட மட்டும் இடம் கொடுப்பதில்லை. எதிரணிக்கு இது என்ன மந்திரம் என்று புரியாது. பஸ் போய்விட்டதோ என்று ஒரு நடுவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு.

மூன்றாம் வருஷம் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் வருஷம் மாகாண அரையிறுதி. 'ஒபிஸ் மிஸ்' என்று கூப்பிட்ட பிள்ளைகள் வெறும் 'மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். யசோதா தட்டச்சு அடிக்கும் மேசையின் இழுப்பறையில் விசிலும் இருந்தது. இதற்கிடையில் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை சுந்தரலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். அணியோடு ரயிலுக்குக் காத்திருந்த ஒரு நாள் அவர் பந்துப் பையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அணி பயணம் போகும் நாட்களிலெல்லாம் அந்தப் பையைத் தூக்க அவரே வந்தார். போர்ட்டர்கள் இருக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் ஏன் பை தூக்குகிறார் என்பது பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் விளங்கியது. யசோதாவுக்குத்தான் ஒரு வருஷம் எடுத்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. யசோதாவே அதை உடைத்து, பதிவு எண் போட்டு, கோப்பில் வைக்கப் போகிறபோதுதான் வாசித்தார். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு முதல், சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் மட்டுமே ஆட்டத்தின்போது அணியோடு திடலோரத்து வாங்குப் பலகையில் உட்காரலாம். சான்றிதழ்ப் பரீட்சைக்கு அன்றே விண்ணப்பம் அடித்தார்.

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போனார். எழுத்தில் நல்ல புள்ளி. வாய்மொழியில் இன்னும் நல்ல புள்ளி. பிறகு செய்முறை. பலகை போட்ட பளபளப்பான தரை, ஒரு குண்டூசி போட்டாலும் உருளாத மட்டம். கூம்புகளை வரிசையாக வைத்து, பந்தைத் தட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போகச் சொன்னார்கள். யசோதா வாழ்நாளில் தட்டியதெல்லாம் ஹந்தானைச் சரிவில்தான். சரிவுக்கு ஈடாக மேட்டுப் பக்கம் சாய்த்துத் தட்டும் பழக்கம் அவர் கையில் ஊறிப் போயிருந்தது. தட்டினார். மட்டத் தரையில் பந்து நேராக மூன்றாவது கூம்பைத் தள்ளி, பரீட்சகரின் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி, வாசலால் வெளியே போனது. யசோதா பழக்க தோஷத்தில் படி எங்கே என்று பார்த்தார்.

'அடிப்படைத் திறன் போதாது' என்று கடிதம் வந்தது. அதையும் அவரே உடைத்து, அவரே பதிவு போட வேண்டியிருந்தது.

அந்த வருஷம் அவர் கலரியில் உட்கார்ந்தார். வாங்கில் இரவல் வாங்கிய ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து பத்திரிகை வாசித்தார். கலரியிலிருந்து சைகை காட்டினால் அணிக்குத் தண்டனை என்று சொல்லியிருந்ததால், யசோதா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அரையிறுதியில் பிள்ளைகள் தடுமாறி, ஒவ்வொருத்தியாகத் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்கள். "வத்தேகம!" என்ற ஒரு வார்த்தை போதும், ஆட்டம் மாறியிருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தார். தோற்றார்கள். கை மரத்துப் போயிருந்தது, கண்ணைத் துடைக்கக்கூட எழும்பவில்லை.

கமலம் மேடம் கூப்பிட்டார். "யசோதா, நானும் எவ்வளவுதான் தள்ளிப் போடுறது? அடுத்த வருஷம் ஆனி மாசம் இன்னொரு பரீட்சை இருக்கு. அதுல பாஸ் பண்ணு. இல்லன்னா சான்றிதழ் உள்ள வேற ஒரு ஆளுக்கு டீமைக் குடுக்க வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல."

யசோதா அன்று வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. ரயில்வே குவாட்டர்ஸின் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்டியில மட்டமான ஒரு இடம் இருந்தாச் சொல்லுங்க," என்றார். "நம்ம வீட்டு முத்தம்கூடச் சரிவு."

சுந்தரலிங்கம் யோசித்தார். "ஓம், ஒண்டு இருக்கு. எங்கட மூண்டாம் மேடை. விடியக்காலமை ஒரு கோச்சியும் அதிலை நிக்கிறேல்லை. பெரியவரிட்டைக் கேட்டுப் பாப்பம்."

ரயில்வே மேலதிகாரியான பெரியவர் சம்மதித்தார். மறுநாளிலிருந்து, விடிந்தும் விடியாத நேரத்தில், பேராதனைச் சந்தியின் மூன்றாம் மேடையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு முப்பத்தாறு வயதுப் பெண் பந்து தட்டத் தொடங்கினார். கூம்புகளுக்குப் பதில் தீவாளிகள், அதாவது மணல் நிரப்பிய தீயணைப்பு வாளிகள். முதல் வாரம் பந்து ஏழு தரம் தண்டவாளத்தில் விழுந்தது. வாளிகள் எட்டுத் தரம் கவிழ்ந்தன. சுந்தரலிங்கம் பச்சைக்கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"நீர் ஏன் பந்தையே பாக்கிறீர்? அது எங்கை போகப் போகுது? கைகாட்டியைப் பாரும்."

"கைகாட்டியையா?"

"ஓம். மேடை முடியிற இடத்திலை நிக்குதெல்லோ. கை தூக்கியிருக்கோ, விழுந்திருக்கோ எண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு வாரும்."

கூடைப்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. தலையை நிமிர்த்தி, தூரத்துச் சிக்னல் கைகாட்டியைப் பார்த்துக்கொண்டே தட்டத் தட்ட, பந்து தானாகக் கைக்கு வந்தது. "விழுந்திருக்கு... விழுந்திருக்கு... தூக்கிட்டாங்க!" என்று கத்திக்கொண்டு யசோதா மேடை நீளத்துக்கும் போனார். ஒரு நாள் வாளி ஒன்றும் கவிழாமல் போய்த் திரும்பி வந்து, புருஷனைக் கட்டிப் பிடித்துவிட்டார். நல்ல வேளையாக மேடையில் யாரும் இல்லை.

பாடசாலையில் இது ஒரு குஞ்சுக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும்? தட்டினால் அறுபத்து மூன்று படி என்று எட்டு வருஷமாகச் சட்டம் பேசிய மிஸ், விடிய எழும்பி ஸ்டேஷனில் தட்டுகிறாராம் என்றால் மானம் கப்பலேறிவிடும். அதனால் முதல் ரயில் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பந்தைப் பையில் போட்டு, வாளிகளை அடுக்கி, முகத்தைக் கழுவி, ஒன்றும் தெரியாத ஒபிஸ்காரியாக நின்றுவிடுவார்.

ஆனி மாதம் மறுபடி கொழும்பு. அதே தரை, அதே பரீட்சகர். தேத்தண்ணீர்க் கோப்பையை இந்த முறை ஜன்னலில் வைத்திருந்தார். யசோதா தட்டிக்கொண்டு கிளம்பினார். பரீட்சகர் எதிரே நின்று விரல்களைக் காட்டி, எத்தனை என்று சொல்லிக்கொண்டே வரச் சொன்னார். பந்தைப் பார்க்காமல் தட்ட முடிகிறதா என்று சோதிக்கிறார்களாம். யசோதாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதமாக இதைத்தானே செய்தார்! "ரெண்டு... நாலு... மூணு..." ஒரு கூம்பும் விழவில்லை. வேகம் சரக்கு ரயில் வேகம்தான், ஆனால் தடம் புரளவில்லை.

சான்றிதழ் ஆடி மாதம் வந்தது. அந்த உறையை மட்டும் அவர் உடைக்கவில்லை. கமலம் மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க மேடம்" என்றார். பார்த்தவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

ஆவணி மாதம் மாகாண இறுதியாட்டம். திருமலர் கல்லூரி வரலாற்றில் முதல் தடவை. யசோதா வாங்கில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார், பிறகு முழங்காலில் வைத்தார், பிறகு சும்மா ஒரு தரம் தட்டிப் பார்த்தார். கைகள் வெளியே இருப்பது எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று அவர் தொண்டை கிழிய "வத்தேகம!" என்று கத்தியது தெருவரை கேட்டதாம்.

ஆனால் எதிரணி வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தது. திருமலர் பிள்ளைகள் தட்டமாட்டார்கள் என்று கண்டுபிடித்து, பந்து வைத்திருப்பவளைக் கொஞ்சம் விட்டுவிட்டு, மற்ற நான்கு பேரையும் ஒட்டி நின்றார்கள். நம் வத்தேகம பஸ்ஸில் நம்மையே ஏற்றிவிட்டார்கள். கடைசியில் நாற்பத்தொன்றுக்கு நாற்பத்திரண்டு, ஒரு புள்ளி பின்னால், இன்னும் ஒன்பது விநாடி. பந்து தலைவி உம்மு குல்சுமின் கையில். கெலிஓயாப் பிள்ளை, அமைதியானவள், பன்னிரண்டாம் வகுப்பு. கொடுக்க ஆளில்லை. நான்கு பேரும் நசுங்கிக் கிடந்தார்கள். அவள் வாங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

யசோதாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை பாடுபட்டு இந்த வாங்குக்கு வந்து, ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

டொம்.

திருமலர் வாங்கில் இருந்த ஏழு பிள்ளைகளும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். உம்மு குல்சும் பந்தைத் தரையில் தட்டியிருந்தாள். டொம். எதிரணி அப்படியே வாயைப் பிளந்து நின்றது. டொம். அவள் தலை குனியவில்லை. பந்தைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் எதையோ பார்க்கிறவள்போல நிமிர்ந்த தலையோடு இரண்டு பேருக்கு நடுவால் போனாள், எழும்பினாள், போட்டாள். மணி அடித்தது. நாற்பத்து மூன்று.

பிள்ளைகள் குவிந்து விழுந்து கத்தினார்கள். கமலம் மேடம் கலரியில் செருப்பு ஒன்றைத் தொலைத்தார். யசோதா மட்டும் வாங்கிலேயே இருந்தார். அந்த நிமிர்ந்த தலையை அவருக்குத் தெரியும். அது கைகாட்டியைப் பார்க்கிற தலை.

திங்கட்கிழமை பின்னேரம் பயிற்சி. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லாமலே உம்மு குல்சும் வரிசையை விட்டு வெளியே வந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். சட்டம் சட்டம்தானே. கிண்ணம் எடுத்தாலும் தட்டியது தட்டியதுதான்.

"நில்லு," என்றார் யசோதா. "எங்க படிச்ச?"

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். "மூணாம் மேடையில, மிஸ். எனக்கு விடியல்ல டியூஷன் ஈக்கி. வாப்பா என்னைய மொத பஸ்ல கொண்டுவந்து ஸ்டேஷன்ல உட்டுட்டுப் போவாரு. வெயிட்டிங் ரூம் ஜன்னலால பாத்தேன். மாசிலேருந்து."

"மாசிலேருந்தா? ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீங்க வெக்கப்பட்டு நிப்பாட்டிடுவீங்க மிஸ். நிப்பாட்டினா பாஸ் பண்ண மாட்டீங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேற யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் எங்கட ஸ்கூல் புள்ளைகள நான் மத்தப் பக்கத்தால கூட்டிக்கிட்டுப் போனேன். எங்களுக்கு வேற மிஸ் வேணாம்."

ஒரு சான்றிதழுக்காகத் தான் ஒருத்தியாக எட்டு மாதம் பாடுபட்டதாக யசோதா நினைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை காவல் நின்றிருக்கிறாள். அழுகை வந்தது, அதை மறைக்க அவர் முயற்சி செய்யவும் இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, அதே தலைப்பை இடுப்பில் செருகினார்.

"வா," என்றார். "நீ ஒரு நாள் தட்டின. நான் எட்டு மாசம் தட்டியிருக்கேன். சட்டம் எனக்கு மட்டும் இல்லையா?"

இரண்டு பேரும் இறங்கினார்கள். மேலே பதினோரு குரல்கள் "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று எண்ணின. ஒபிஸ் ஜன்னலிலிருந்து கமலம் மேடமும் எண்ணினார். கீழே மக்கீன் நானா வாசலுக்கு வந்து, இறங்கி வரும் மிஸ்ஸையும் தலைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், பந்தக் காணல்லியே?"

"இன்னைக்குப் பந்து மேலயே இருக்கு நானா. நாங்கதான் பணிஸ் கேட்டு வந்தோம்."

பதின்மூன்று பணிஸை ஒரு பையில் போட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஏறும்போது முப்பதாவது படியில் யசோதாவுக்கு மூச்சு வாங்கியது. பையை உம்மு குல்சுமிடம் கொடுத்துவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

"எல்லாரும் கேளுங்க! இனிமே ஒரு ஆட்டத்துக்கு மூணு தரம் தட்டலாம். அதுக்குப் பேரு பேராதனை. நான் கத்தினாத்தான் தட்டணும்."

மேலே ஆரவாரம் எழுந்து அடங்க ஒரு நிமிஷம் ஆனது. பிறகு யாரோ ஒருத்தி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"நாலாவது தரம் தட்டினா, மிஸ்?"

"அறுபத்து மூணு," என்றார் யசோதா. "நானும் கூட வருவேன்."